தெர்மோகோலை நினைத்தாலே பல் கூசுகிறது: சத்தமா காரணம், தொடுகையா?

3 மார்ச், காலை (வாசகர் கேள்வி)
கரும்பலகையில் நகம் கீறுவது, தட்டில் முள்கரண்டி இழுபடுவது, அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து தெர்மோகோலை உருவுவது. மூன்றில் எதைக் கேட்டாலும் பல் கூசும், கையில் மயிர் குத்திட்டு நிற்கும். கீச்சென்ற உச்ச சுருதிதான் காரணம், காதில் பஞ்சை அடைத்தால் தீர்ந்தது என்பது என் கட்சி. ஆனால் தெர்மோகோலைச் சத்தமே வராமல் தொட்டாலும் கூசுகிறதே, ஏன்? எண்ணெய் கிண்ணெய் போட்டு இதையெல்லாம் அடக்க முடியுமா?

3 மார்ச், மதியம்
உச்ச சுருதி பாதி தப்பு. பஞ்சு முழுத் தப்பு. எண்ணெயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சத்தம் பிறக்கும் விதம் மூன்றிலும் ஒன்றுதான். இரண்டு பரப்புகள் அழுந்தி நகரும்போது முதலில் ஒட்டிக்கொள்ளும். இழுவிசை ஏற ஏற ஒரு கட்டத்தில் பிடி விட்டு வழுக்கும், உடனே மறுபடி ஒட்டும். நின்ற பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகர்கிற பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையானதைவிட அதிகம் என்பதால் வரும் வினை. இந்த ஒட்டல் வழுக்கல் நொடிக்குச் சில ஆயிரம் முறை நடந்து, அந்தத் தாளத்துக்கு ஏதாவது ஒரு பொருள் கூடவே அதிர்ந்தால் கிறீச்.

சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பலகைக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிடித்து, நுனியை முன்னே தள்ளி எழுதினால் கத்தும். 45 பாகைக்குச் சாய்த்து, நுனி கைக்குப் பின்னால் இழுபட்டு வரும்படி எழுதினால் பெரும்பாலும் வாயைத் திறக்காது. அப்படியும் கத்தினால் பாதியாக உடைத்துவிடுங்கள்.

3 மார்ச், இரவு
இப்போது சுருதி. 1986இல் ஹால்பெர்ன், பிளேக், ஹில்லன்பிராண்ட் என்ற மூவர், மூன்று பல் கொண்ட தோட்டக் கருவியைக் கற்பலகையில் இழுத்துப் பதிவு செய்து, அந்தப் பதிவிலிருந்து அதிர்வெண்களைப் பகுதி பகுதியாக வடிகட்டிப் பார்த்தார்கள். உச்சப் பகுதியை வெட்டிய பிறகும் கேட்டவர்கள் முகம் சுளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நடுப்பகுதியை எடுத்ததும் சத்தம் பரவாயில்லை ஆனது. இருபது வருடம் கழித்து, 2006இல், இந்த வேலைக்கு இக் நோபல் (முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) கிடைத்தது.

2012இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 13 பேரை மூளை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து 74 சத்தங்களைப் போட்டுக் காட்டினார்கள். மோசமானவற்றில் முதலிடம் புட்டியின் மேல் கத்தி. அடுத்து கண்ணாடியில் முள்கரண்டி, மூன்றாவது கரும்பலகையில் சாக்பீஸ். நகக்கீறல் இவற்றுக்கும் கீழேதான். சங்கடம் தருவதாகக் கண்ட அதிர்வெண் பட்டை சுமார் 2,500 முதல் 5,500 ஹெர்ட்ஸ். மனிதக் காது 20,000 வரை கேட்கும் என்றால் இது உச்சமே இல்லை.

அந்தப் பட்டையில் அப்படி என்ன இருக்கிறது? காதுக்குழாய் ஒரு முனை மூடிய குழல், நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. அப்படிப்பட்ட குழல், தன்னைப்போல் நான்கு மடங்கு நீள அலைக்கு ஒத்ததிரும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அலையின் நீளம் 0.1 மீட்டர்; வகுத்தால் 3,430 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் வரும் சத்தத்தைக் காதே பெருக்கித்தான் உள்ளே அனுப்புகிறது. குரங்குகளின் அபாயக் குரலும் இதே சாயலில் இருப்பதால் பழைய பயம் கிளம்புகிறது என்றும் 1986 கட்டுரை சொன்னது.

பஞ்சு ஏன் தப்பு? காற்று புகும் எதன் வழியாகவும் சத்தம் புகும். அடைப்பதென்றால் நுரை அடைப்பான். விரல்களுக்கிடையே மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது உப்பும்வரை 20, 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். பலரும் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்பார்கள்.

4 மார்ச்
குரங்கை வாபஸ் வாங்குகிறேன். 2004இல் மெக்டெர்மட், ஹாசர் இருவரும் பஞ்சுத்தலை டாமரின் குரங்குகளுக்குக் கீறல் சத்தத்தையும் அதே அளவு உரத்த வெற்று இரைச்சலையும் போட்டுப் பார்த்தார்கள். குரங்குகள் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தின. மனிதர்கள் மட்டும் கீறலைவிட்டு ஓடினார்கள். முன்னோர் பயம் என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

5 மார்ச்
தெர்மோகோல். இதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

பொருள் பாலிஸ்டைரீன், ஆனால் கன அளவில் 98 சதம் காற்று. ஊதிப் பெருத்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டி. மேற்பரப்பு வழவழப்பும் இல்லை, முழுச் சொரசொரப்பும் இல்லை. அட்டையில் தேயும்போது மணிமணியாக ஒட்டி விடுபடுகிறது. கட்டி லேசாகவும் விறைப்பாகவும் இருப்பதால் முழுப் பலகையும் மத்தளத்தோல் மாதிரி சத்தத்தைக் காற்றுக்குத் தள்ளுகிறது. மேலே மூடிய அட்டைப்பெட்டி வேறு.

உருவாதீர்கள். பெட்டியின் மேல் மடிப்புகளைத் திறந்து வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, பெட்டியை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துத் தரையில் வையுங்கள். உள்ளே இருப்பது தன் எடையிலேயே தரையில் உட்கார்ந்துவிடும். அட்டையை மட்டும் மேலே தூக்குங்கள். இறுகிப் போயிருந்தால் அட்டையின் நான்கு மூலைகளையும் கத்தியால் கீறி மலர்த்திவிடுவது மேல்.

வெட்டுவதற்கு ரம்பம் வேண்டவே வேண்டாம். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் நீளக் கத்தியில் புது முனையை எடுத்து, அலகின் இரு பக்கமும் மெழுகுவத்தியைத் தேய்த்து, 20, 30 பாகைச் சாய்வில் பிடித்து நாலைந்து நீள இழுப்பில் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் அறுத்தால் மணி பிய்யும், அலறும். நிறைய வெட்ட வேண்டியிருந்தால் சூட்டுக்கம்பி. 0.3 அல்லது 0.4 மி.மீ. நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த) கம்பியை ஒரு வில்லில் கட்டி, ஒரு முனையில் ஸ்பிரிங் வையுங்கள். சூட்டில் கம்பி நீளும், ஸ்பிரிங் இல்லாவிட்டால் தொய்ந்து கோணலாக வெட்டும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தாழ்மின்னழுத்த சப்ளையில் மிகக் கீழிருந்து ஆரம்பித்து, கட்டி தன் எடையிலேயே மெல்ல இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கம்பி சிவந்தால் சூடு அதிகம், புகை வரும், வெட்டு அகலும். அந்தப் புகையை மோந்துகொண்டு நிற்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கையில் ஒட்டித் தொல்லை தரும் மணிகளுக்குக் காரணம் நிலைமின்சாரம். லேசாக ஈரப்படுத்திய துணியால் துடைத்தால் போதும்.

எண்ணெய் ஸ்ப்ரே? தெர்மோகோலுக்குக் கூடவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் மணிகளைத் தின்னும். பெட்ரோல், அசிட்டோன், ஸ்ப்ரே பெயின்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சத்தம் நிற்கும்தான், தெர்மோகோலும் இருக்காது.

5 மார்ச், சற்றுப் பிறகு
"சத்தமில்லாமல் தொட்டாலும்" என்ற பகுதியை மறந்துவிட்டேன். நாளைக்கு.

7 மார்ச்
விரல் ஒரு பரப்பை அறிவதில் இரண்டு வழி உண்டு என்று உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925லேயே எழுதினார். மேடுபள்ளம் பெரிதாக இருந்தால் விரலை வைத்த இடத்திலேயே தெரியும். சுமார் 0.2 மி.மீ.க்குக் கீழே போனால் விரலை நகர்த்தியாக வேண்டும், அப்போது தோலில் எழும் அதிர்வுதான் தகவல். அதைப் பிடிப்பவை பசினியன் உணர்முனைகள், 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மிகக் கூர்மையானவை. ஆக, காதுக்கு வராத தெர்மோகோல் விரலுக்கு அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். 1998இல் யூஸ்மாகியும் ஹாரியும் செய்த சோதனையில், இரண்டு உள்ளங்கைகளையும் தேய்க்கிற சத்தத்தை மைக்கில் பிடித்து, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் கூட்டி அவர்களுக்கே ஹெட்போனில் திருப்பிக் கேட்க வைத்தார்கள். கை காய்ந்த காகிதம் போல் வறண்டிருக்கிறது என்றார்கள். கையில் ஒன்றும் மாறவில்லை, காதில்தான் மாறியது. சத்தமா தொடுகையா என்று தலைப்பில் கேட்டது அவ்வளவு சரியான கேள்வி இல்லை.

தமிழுக்கு இது எப்போதோ தெரியும் போலிருக்கிறது. வெளிச்சத்துக்குக் கண் கூசும், புளிப்புக்குப் பல் கூசும், விரல் பட்டால் விலா கூசும், நாலு பேர் முன்னால் பேச மனசு கூசும். மயிர்க்கூச்செறிதலிலும் அதே கூச்சம்தான்.

7 மார்ச், இரவு
மைக்ரோஃபைபர் துணி விரலில் மாட்டி இழுக்கிற உணர்வைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இழை ஒவ்வொன்றும் தயாரிப்பிலேயே பல கீற்றுகளாகப் பிளக்கப்பட்டது. கீற்றுகளின் கூர் விளிம்புகள் வெடித்த தோலிலும் நகத்தோரப் பிசிறிலும் கொக்கி போடும். துணியைக் குறை சொல்லிப் பயனில்லை, அழுக்கை அள்ளுவதும் அதே கொக்கிதான். நகத்தை அரத்தால் ஒரே திசையில் தேய்த்து விளிம்பை மூடுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் நகம் அடுக்கடுக்காகப் பிரியும். கைக்குக் களிம்பு தடவி அது ஊறிய பிறகு துணியைத் தொடுங்கள், அல்லது துணியை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் கொக்கியெல்லாம் மழுங்கும். தொட இதமாக இருக்கும், துடைக்காது.

9 மார்ச்
எண்ணெய்க் கணக்கு. ஒட்டி வழுக்குவதுதான் நோய் என்றால் மருந்து இரண்டே. ஒட்டவே விடாதே, அல்லது வழுக்கவே விடாதே. எங்கே எது என்று தெரியாமல் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால்தான் பாதிக் கோளாறு.

கதவுக்கீல்: ஒட்டவிடக் கூடாத இனம். கதவைச் சாத்திவிட்டு, கீழ்க்கீலிலிருந்து ஆரம்பித்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஊசியை மட்டும் கழற்றுங்கள். அடியிலிருந்து ஆணியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மேலே எழும். ஊசியிலுள்ள கறுப்புப் பசையை முழுக்கத் துடைத்து, துரு இருந்தால் 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசிச் செருகுங்கள். கதவை இருபது முறை ஆட்டி, பிதுங்கி வருவதைத் துடையுங்கள். மெல்லிய ஸ்ப்ரே எண்ணெய் அன்றைக்கு வாயடைக்கும். பிறகு ஆவியாகும், மிச்சம் தூசியைப் பிடித்து அரைக்கும், மறுபடி அழும்.

மர இழுப்பறை: கிரீஸ் கூடாது, மரம் குடித்துவிடும், துணியில் கறை ஏறும். மெழுகு.

சைக்கிள் பிரேக்: வழுக்கவிடக் கூடாத இனம். எண்ணெய் பட்டால் சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். வளையத்தைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டையென்றால், கட்டையின் முன்முனை வளையத்தை முதலில் தொட வேண்டும், பின்முனையில் 0.5 முதல் 1 மி.மீ. இடைவெளி. மெல்லிய அட்டைத்துண்டைக் கட்டையின் பின்முனைக்கும் வளையத்துக்கும் நடுவே வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே திருகை முடுக்கினால் இடைவெளி தானாக அமையும். வட்டு பிரேக் அலறினால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் வட்டைத் துடைத்து, மிதமான வேகத்திலிருந்து இருபது முறை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நிதானமாக நிறுத்திப் படிய வையுங்கள். கட்டைக்குள் எண்ணெய் ஊறியிருந்தால் மாற்றுவதே வழி.

காரில் பிரேக் கீச்சிட்டால் அதை அடக்கப் பார்க்காதீர்கள். பல கார்களில், கட்டை தேய்ந்ததும் வட்டில் உரசிக் கத்துவதற்கென்றே ஒரு தகட்டுத்துண்டை வைத்திருப்பார்கள். பல் கூச வைப்பதே அதன் வேலை.

10 மார்ச்
3ஆம் தேதிக் குறிப்பில் சாக்பீஸை உடைக்கச் சொன்னது அரைகுறை. உடைத்த பாதியையும் வால்பக்கமாகப் பிடித்து எழுதினால் கத்தத்தான் செய்யும். விரலுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதே கணக்கு. அந்த நீளம் பாதியானால் வளைந்து அதிரும் வேகம் சுமார் 4 மடங்காகும், கூசவைக்கும் பட்டையை விட்டு மேலே போய்விடும். முழு சாக்பீஸையே நுனிக்கு ஒரு செ.மீ. தள்ளிப் பிடித்தாலும் போதும். உடைப்பது, அப்படிப் பிடிக்கக் கையைக் கட்டாயப்படுத்தும் குறுக்குவழி.

12 மார்ச்
கீலுக்குக் கிரீஸ் போட்டும் சத்தம் என்றவருக்கு: திருகுகளைப் பாருங்கள். மேல்கீலின் திருகு தளர்ந்தால் கதவு தொங்கும், ஊசி சாய்ந்து ஒரு பக்கமாக அரைபடும். திருகு சுற்றிக்கொண்டே இருந்தால் துளை பெருத்துவிட்டது. பல்குத்தும் குச்சி இரண்டு மூன்றை மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, காய்ந்ததும் மட்டமாக ஒடித்து, அதே திருகை ஏற்றுங்கள்.

12 மார்ச், இரவு
முள்கரண்டி, தட்டு. புதுத் தட்டில் இந்தத் தொல்லை குறைவு. மெருகுப்பூச்சு தேய்ந்து நுண்குழி விழ விழ உலோகம் மாட்டும். சாம்பல் நிறக் கோடுகளைப் பார்த்துத் தட்டு கீறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் அது தட்டின் மேல் தேய்ந்து ஒட்டிய உலோகம். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தேய்ப்புப் பொடியைத் துளி நீரில் குழைத்து, கையுறையோடு, மென்துணியால் ஒரு நிமிடம் தேய்த்து நன்றாகக் கழுவினால் போய்விடும். கம்பிநார் போட்டீர்களோ, நிஜமாகவே கீறி அடுத்த வருட அலறலுக்கு அச்சாரம் கொடுத்ததாகும். இன்னொன்று, மழுங்கிய கத்தி. வெட்டாததால் அழுத்துகிறோம், அழுத்துவதால் கத்துகிறது.

15 மார்ச்
ஈரம் பற்றிச் சிலர். நனைந்த சட்டைக்கை, குளியலறைத் தரையில் காலுறை, வடிகாலில் முடி. தோலில் ஈரத்தை அறிய என்று தனி உணர்முனையே கிடையாது. குளிர்ச்சியையும் அழுத்தத்தையும் ஒட்டுதலையும் கூட்டிப் பார்த்து மூளை "ஈரம்" என்று தீர்ப்பு சொல்கிறது. வெயிலில் உலர்ந்த குளிர்ந்த துணி ஈரமா இல்லையா என்று கொடியில் தொட்டுப் பார்த்துக் குழம்புவது இதனால்தான்.

(இப்போதுதான் படித்தேன். "வெயிலில் உலர்ந்த குளிர்ந்த துணி" என்று உளறியிருக்கிறேன். ராத்திரி கொடியில் கிடந்து குளிர்ந்த, உலர்ந்த துணி.)

ஐஸ்கிரீம் மரக்குச்சி நாக்கில் பட்டால் ஆகாதவர்களுக்கு: காய்ந்த மரம் எச்சிலை உறிஞ்சி நாக்கைப் பிடிக்கிறது. குச்சியை முதலில் ஒரு நிமிடம் தண்ணீரில் நனையுங்கள், பிடி குறையும்.

16 மார்ச்
கம்பளி குத்துவது அலர்ஜி என்று எழுதியவருக்கு, பெரும்பாலும் இல்லை. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைமுனை தோலில் பட்டதும் வளையாமல் ஊன்றிக் குத்துகிறது. அப்படிப்பட்ட இழைகள் நூற்றுக்கு 5ஐத் தாண்டினால் அநேகருக்கு அரிக்கும். வாங்கும்முன் உள்ளங்கையில் தேய்க்காதீர்கள், அங்கே தோல் தடி. கழுத்தோரம் வைத்துப் பாருங்கள். சட்டை லேபிளைக் கத்தரிப்பதும் தப்பு, மிஞ்சும் குட்டை விளிம்பு முழு லேபிளைவிட மோசமாகக் குத்தும். தையல் பிரிக்கும் ஊசியால் லேபிளைப் பிடித்திருக்கும் தையலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து முழுசாக எடுங்கள்.

19 மார்ச்
பக்கத்தில் ஒருவர் மெல்லும் சத்தம் கேட்டால் கோபமே வருகிறது என்பது வேறு கிளை. கீறல் சத்தம் ஏறக்குறைய எல்லோரையும் கூச வைக்கும், விட்டதும் போய்விடும். மெல்லுதல், மூக்குறிஞ்சுதல், பேனா சொடுக்குதல் போன்ற குறிப்பிட்ட சத்தம் சிலருக்கு மட்டும் ஆத்திரத்தையோ தப்பி ஓடும் அவசரத்தையோ கிளப்பினால் அதற்கு மிசோஃபோனியா என்று பெயர். ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதி 2001இல் வைத்தது. அதற்கு எண்ணெயும் மெழுகும் கிடையாது. அறையில் மின்விசிறி இரைச்சல் போல ஏதாவது மெல்ல ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் துருத்திக்கொண்டு தெரியாது. நாள் முழுக்கக் காதை அடைத்தே வைத்திருந்தால் காது இன்னும் கூர்மையாகித் தொல்லை கூடும். சாப்பாட்டு மேசையில் சண்டை வருமளவு இருந்தால் செவிநல வல்லுநரைப் பாருங்கள்.

22 மார்ச்
2011இல் ஓலரும் ராய்ட்டரும் கீறல் சத்தத்தைச் சிலரிடம் உள்ளபடியே சொல்லியும், சிலரிடம் நவீன இசை என்று சொல்லியும் போட்டார்கள். இசை என்று நம்பியவர்கள் குறைவாகத்தான் சுளித்தார்கள். ஆனால் பதற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் தோலின் மின்கடத்தல் அளவில் இரு கூட்டமும் ஒன்றுதான். வாய் மரியாதைக்காக விட்டுக்கொடுத்தாலும் உடம்பு கொடுப்பதில்லை.

கீறலை இசை என்று சொன்னதை ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. வயலினும் ஒட்டல் வழுக்கல்தான். வில்லின் மயிருக்கு ரோசின் என்ற பிசின் தடவுவது ஒட்டுவதற்காக. தந்தி ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒட்டி ஒரு முறை நழுவினால் நாதம். 1918இல் சி. வி. ராமன் இதன் இயக்கவியலைத் தனி நூலாகவே எழுதினார். பழகாத கையில் வில் லேசாகப் பட்டால் ஒரே சுற்றில் இரண்டு மூன்று தடவை நழுவிச் சீறும், அதிகம் அழுத்தினால் தாளம் உடைந்து கரகரக்கும். குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) கிட்டப் போகப் போக அழுத்தம் கூட வேண்டும், வில் மெதுவாகப் போக வேண்டும்.

23 மார்ச்
தெர்மோகோல் பெட்டி மூடியைத் தினம் திறந்து மூட வேண்டியிருக்கிறது, தினமும் கவிழ்க்க முடியுமா என்று முதல் கேள்வியாளர். முடியாது. மூடி உள்ளே இறங்கும் விளிம்பைச் சுற்றிப் பொட்டலம் ஒட்டும் வழவழப்பான நாடாவை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள், பெட்டியின் உள்விளிம்பிலும் ஒரு சுற்று. நாடாவோடு நாடா உரசினால் கீச்சு வராது. மூலையில் மடிப்பு விழாமல் ஒட்டுங்கள். மடிப்பு இருந்தால் மூடி அங்கே இறுகும், இழுப்பீர்கள், தெர்மோகோல் பிய்யும்.